பல்பிடுங்கிக்கு ஒரு பாட்டு

"அந்தப் பாட்டு வேணாம் வெர்னா. என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதே."

ஆர்லோ வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னான். கோட்டு முழுக்கச் சிவப்புச் சாயம். இடுப்பில் ஒரு அடி நீளத்துக்குக் குறடு. மல்யுத்த ரிங்கில் அவன் பெயர் பல்பிடுங்கி. ஒஹாயோவில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே இருபது வருஷமாக அவன்தான் வில்லன்.

வெர்னா தீயணைப்பு நிலைய ஹாலில் மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மல்யுத்தக் காட்சிக்குப் பெயருக்குத்தான் முதலாளி. ரிங்கைக் கட்டி நிறுத்துவதும் டிக்கெட் கிழிப்பதும் அவளேதான். ஆனால் சட்டதிட்டம் கறார். வில்லன்கள் வாசலில் நின்று சிரிக்கக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது, வீட்டு ஆட்களைக் கூட்டி வரக் கூடாது. "வில்லனைப் பிடிச்சுப்போச்சுன்னா வியாபாரம் போச்சு" என்பாள்.

"வழியனுப்பி வைக்க ஒரு பாட்டு. அதுல என்ன மண்ணு?" என்றாள்.

"வழியனுப்பவா? முடிவே பண்ணிட்டியா?"

வெர்னா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "போன மாசம் நீ உள்ள வந்தப்போ என்னாச்சு? ஒருத்தன் திட்டலை. பாதிப் பேர் எழுந்து சாசேஜ் ரொட்டி வாங்கப் போயிட்டான். திட்டு வாங்காத வில்லனுக்கு நான் எதுக்குச் சம்பளம் குடுக்கணும்?"

"இன்னிக்கு ஒரு தடவை பாரு. கூரை பிச்சுக்கிற மாதிரி கத்த வைக்கிறேன்."

"கத்தினாங்கன்னா அடுத்த வருஷமும் நீதான். இல்லேன்னா கோட்டைக் கழட்டிக் குடுத்துடு."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பாட்டுக் கோஷ்டி வந்தது. 'ஈர சாக்ஸ்' என்று பெயர். மூன்று பேர். முன்னால் வந்தவள் டெஸ். இருபது வயசு, பச்சைத் தலைமுடி, கழுத்தில் கறுப்பு டேப் சுற்றிய பழைய கிதார். பல்பிடுங்கியைப் பற்றிப் பாட்டுக் கட்டியிருக்கிறோம், சும்மாவே பாடுகிறோம் என்று போன வாரம் அவளேதான் தேடி வந்து கேட்டிருந்தாள்.

"பெரிசு, நான் உங்க ரசிகை!" என்று கையை நீட்டினாள்.

ஆர்லோ அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. "ஏ பச்சைத்தலை, வில்லனுக்கு எவளாவது ரசிகையா இருப்பாளா? நீ என்னைக் கொஞ்சிப் பாடினா, சனம் என்னைக் கரடிப் பொம்மைன்னு நினைச்சுக்கும். ரிங்ல ஏறினே, அந்தக் கட்டையைப் புடுங்கி ஒடச்சிருவேன்."

"தொட்டுத்தான் பாருங்களேன்! எங்கப்பா வாங்கிக் குடுத்த கிதார். விரல் மிஞ்சாது."

"உங்கப்பனையும் கூட்டிட்டு வா. அவன் பல்லையும் சேத்துப் புடுங்குறேன்."

"யோவ், நாக்கை அடக்கிப் பேசு!" என்று டிரம் அடிக்கிற பையன் எகிறினான்.

"போதும், நிறுத்துங்க" என்றாள் வெர்னா. "ஆர்லோ, பாட்டு உண்டு. அவ்வளவுதான்." யாராவது வேண்டாம் என்றால் அவளுக்கு அது கட்டாயம் வேண்டும். அவளிடம் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. டெஸ் ரிங்கில் ஏறிக் குதித்துக் குதித்துப் பாடினாள்.

"பல்பிடுங்கி பல்பிடுங்கி, கிட்ட வாயேன்!
ஆடுற பல்லு ஒண்ணு இருக்கு, பாத்துட்டுப் போயேன்!
முதப் பல்லைப் புடுங்கினப்போ அழுதது யாரு?
நானா? ஹே! நானா? ஹே! கண்ணைத் தொடச்சுட்டுக் கூறு!"

இரண்டாவது சுற்றிலேயே சின்னப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி 'ஹே' போட ஆரம்பித்துவிட்டார்கள். வெர்னாவுக்கே கால் தாளம் போட்டது. ஆர்லோ சொன்னது சரிதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு அவனை யார் திட்டுவார்கள்?

ஆர்லோ கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தான். நேராக டெஸ்ஸிடம் போய் கிதாரைப் பிடுங்கினான்.

"வேணாம்!" டெஸ்ஸின் குரல் மைக்கில் உடைந்தது. "எங்கப்பா வாங்கிக் குடுத்தது! வேணாம்!"

அவன் அதைத் தலைக்கு மேல் தூக்கி ரிங்கின் கம்பத்தில் ஒரே அடி. கிதார் இரண்டாகப் போனது. டெஸ் முட்டிபோட்டு உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

அப்புறம் வந்தது சத்தம். பல்பிடுங்கியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். காசு கொடுத்து வாங்கிய சாசேஜ் ரொட்டியையே ஒரு அம்மாள் அவன் மேல் வீசினாள். கடைசியில் எதிராளி அவனைத் தூக்கிப் போட்டு ஜெயித்தபோது, பக்கத்தில் நின்றது யார் என்றுகூடப் பார்க்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

திரைக்குப் பின்னால் வெர்னா அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "அடுத்த வருஷம் பூரா நீதான். கை அடிச்சுக் குடுக்கிறேன்." பிறகு குரல் இறங்கியது. "இருந்தாலும் அந்தப் பொண்ணு பாவம்டா. அப்பன் குடுத்ததுன்னு கதறுச்சு. நீயெல்லாம் மனுஷனா?"

"வில்லன்" என்று சொல்லிவிட்டு ஆர்லோ காலை இழுத்து இழுத்து வெளியே போனான்.

வெர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைய வசூலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண் புதுக் கிதார் வாங்கிக்கொள்ளட்டும் என்று வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். ஓரத்தில் பாட்டுக் கோஷ்டியின் பழைய வேன். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆர்லோவின் முழங்காலில் ஐஸ் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்த டெஸ் சொன்னாள்: "அப்பா, அடுத்த கிதாரை இவ்வளவு ஆழமா அறுத்து வைக்காதே, பாதிப் பாட்டுலயே ஆட ஆரம்பிச்சிடுச்சு."

வெர்னா பணத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு, எதையுமே பார்க்காதவள் போல வந்த வழியே திரும்பி நடந்தாள்.