புகாரைத் திரும்பக் கேட்டவர்

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு புகார் எழுதிக் குடுத்தேன் மேடம். அதைத் திரும்ப வாங்கணும்," என்றார் அவர்.

பூங்கா அலுவலகத்தின் பார்வையாளர் கவுண்டரில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இப்படி யாரும் கேட்டதில்லை.

வருகிறவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். கழிப்பறை நாறுகிறது. பேருந்துக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தீர்கள். சூரியன் மறைவது படத்தில் பார்த்த அளவுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் தேதி முத்திரை குத்தி உள்ளே அனுப்புவது என் வேலை.

அவருக்கு எழுபது வயது இருக்கும். பெயர் டுவைன் கெல்லர்மன். நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து இங்கே யூட்டா வரைக்கும் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சட்டை முழுக்கக் கசங்கியிருந்தது.

"திரும்ப வாங்குறதுக்குன்னு படிவம் எதுவும் கிடையாதே சார். என்ன புகார்?"

"இடுக்கு வாசல்ல நின்ன ஒரு ரேஞ்சரம்மா மேல."

இடுக்கு என்பது எங்கள் பூங்காவில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் மூன்று மைல் நடைபாதை. சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம். நாற்பது மைலுக்கு அப்பால் மலையில் மழை பெய்தால் தண்ணீர் அதற்குள்தான் வரும். வந்தால் ஏறித் தப்ப வழியில்லை.

அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை என்றார். அந்த ரேஞ்சர் சங்கிலியைக் குறுக்கே போட்டுவிட்டு, மலைப்பக்கம் சரியில்லை, யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"என் வீட்டுக்காரி கேரலுக்கு அந்த இடத்தைப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. சமையலறைக் காலண்டர்ல அதோட படம் இருந்துச்சு. மாசம் முடிஞ்சும் தாளைத் திருப்ப மாட்டா. அவளால நடக்க முடிஞ்ச கடைசி வருஷம் அது. நான் அந்தம்மாகிட்ட கெஞ்சிக்கூடப் பாத்தேன்."

அடுத்த வசந்தத்தில் கேரல் இறந்துவிட்டார். இடுக்கைப் பார்க்கவேயில்லை.

"அன்னிக்குக் கோவத்துல நாலு பக்கம் எழுதினேன். பொம்பளைக்குத் தொப்பியும் பேட்ஜும் குடுத்தா தலைகால் புரியாதுன்னுகூட எழுதினேன்." அவர் கவுண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்த வரி எனக்குத் தெரியும். விசாரணையின்போது என் மேலதிகாரி முழுப் புகாரையும் என் முன்னால் உரக்கப் படித்தார். அந்த வரி வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிப் போனார்.

சங்கிலி போட்டது நான்தான். அப்போது இருபது கிலோ குறைவாக இருந்தேன், கண்ணாடி போடவில்லை. இவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று நாற்பத்தொரு பேரைத் திருப்பி அனுப்பினேன். பத்தொன்பது பேர் புகார் எழுதினார்கள். அந்தக் குளிர்காலத்தில் என்னைக் கவுண்டருக்கு மாற்றினார்கள். ரேஞ்சர் தன் கண்ணில் பட்டதை வைத்துப் பாதையை மூடக் கூடாது, வானிலை நிலையத்திலிருந்து எழுத்தில் எச்சரிக்கை வந்த பிறகுதான் மூட வேண்டும் என்று விதியும் வந்தது.

"போன வாரம் டிவியில பாத்தேன்," என்றார். "அதே இடம். அதே மாதிரி நீல வானம். சேத்துத் தண்ணி செவுரு மாதிரி வந்துச்சாம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. அந்தம்மா அன்னிக்குச் சங்கிலி போடலைன்னா அது நாங்கதான்."

போன வாரம் அந்த எச்சரிக்கை என் கவுண்டருக்கு வந்தபோது தண்ணீர் உள்ளே நுழைந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற ரேஞ்சர் அதற்கு முன்பே மூன்று முறை என்னிடம் ரேடியோவில் பேசினான். எச்சரிக்கை வந்துவிட்டதா என்று கேட்டான். வரவில்லை என்று மூன்று முறையும் சொன்னேன்.

இதை நான் இவரிடம் சொல்லவில்லை.

வழக்கமான படிவத்தை எடுத்து நீட்டினேன். மேலே மூன்று கட்டங்கள் இருக்கும். புகார், பாராட்டு, யோசனை. எதில் குறி போடுவது என்று கேட்டார்.

"பிடிச்சதுல போடுங்க சார்."

மூன்றையும் விட்டுவிட்டுக் கீழே எழுத ஆரம்பித்தார். முடிக்க நேரம் பிடித்தது. பின்னால் கழிப்பறைக்கு வழி கேட்க ஒரு குடும்பம் காத்திருந்தது.

"அந்தம்மா இன்னும் இங்கதான் இருக்காங்களா?"

"இடுக்குப் பக்கம் இப்ப வேலை பாக்குறதில்ல."

"நல்லா இருக்காங்கள்ல?"

"இருக்காங்க."

தாளை வாங்கி முத்திரை குத்தினேன். அவர் நகரவில்லை.

"இன்னும் ஒண்ணு மட்டும் கேக்கணும் மேடம். அன்னிக்கு எத்தனை மணிக்குத் தண்ணி வந்துச்சுன்னு நீங்க குறிச்சு வச்சிருப்பீங்க இல்ல?"

அன்று தண்ணீர் வரவில்லை.

தூரத்து மலைமேல் நான் பார்த்த மேகம் கிழக்கே திரும்பிப் போய்விட்டது. இருட்டும்வரை இடுக்கு காய்ந்துதான் கிடந்தது. விசாரணையில் என் பக்கம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லாமல் போனது அதனால்தான்.

"மூணேகால்," என்றேன்.

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"கேரல் மெதுவாத்தான் நடப்பா. மூணேகாலுக்கு நாங்க நட்டநடுவுல இருந்திருப்போம்."

"ஆமா சார்," என்றேன். "நட்டநடுவுல."