மூன்றாவது பெட்டித் தோட்டா

மொன்டானா மேய்ச்சல் வெளியில் காற்று ஓய்ந்து கிடக்கிறது. பிக்கப் வண்டியின் பின்பலகையில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, லாய்ட் மூன்றாவது பெட்டித் தோட்டாவையும் சுட்டுப் பார்த்துவிட்டான். தூரத்துக் காகிதத்தில் ஓட்டைகள் கோழி கிளறிய மாதிரி சிதறியிருக்கின்றன. மாடுகள் கால் இடறி ஒடியும்படி வளை தோண்டும் அணில்களை இந்தக் கோடையிலும் இவனே சுடுவதா, வேறு ஆளா என்று பண்ணைக்காரர் நாளை வந்து, இவன் சுடுவதைப் பார்த்து முடிவு செய்வார். "தோட்டா கனம் ஜாஸ்தி, இந்தத் துப்பாக்கிக் குழாய்க்கு ஒத்துக்கல. நீ சுட்டுப் பாரு நோரீன், உனக்கும் சிதறும்" என்கிறான், நடுங்கும் கையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு. "உன் வம்புல என்னைய ஏன் இழுக்கிற?" மனைவி முனகியபடி குனிகிறாள். மூச்சை அடக்கி, அதே பெட்டித் தோட்டாவால் புதுக் காகிதத்தில் ஐந்து முறை சுடுகிறாள். "ஆமா, தோட்டாதான் மோசம்" என்று எழுந்து தூசி தட்டுகிறாள். அவன் நடந்துபோய்க் காகிதத்தைப் பார்க்கிறான். நடுவில் மூன்று ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மற்ற இரண்டும் நாலு விரல் தள்ளி, ஓரத்தில். அவையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டையும் வேண்டுமென்றே குறி பார்த்துத் தவறவிட்டிருக்கிறாள். "சொன்னேன்ல!" என்று கத்துகிறான், அவள் பக்கம் திரும்பாமல்.