நோயில்லாதவனின் சளி

வெள்ளணுக்கள் போகக்கூடாத பக்கம் போயிருந்தன.

இசைவாணி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

அந்தச் சிதம்பரம் ஆய்வகத்தில் அவள் செய்வது ஒரே சோதனைதான். மூச்சுக்குழாயில் அழற்சி இருந்தால் அதன் சுவர் ஒரு புரதத்தைச் சுரக்கும். அது வெள்ளணுக்களைக் கூப்பிடும். சளியிலிருந்து பிரித்த நீரை ஒரு மெல்லிய வலைக்குக் கீழே விட்டு, மேலே வெள்ளணுக்களை விட வேண்டும். ஆஸ்துமாக்காரரின் நீர் என்றால் அவை துளைகளில் நுழைந்து இறங்கிவிடும். நோயில்லாதவனின் நீர் என்றால் சும்மா கிடக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவன் வேண்டியிருந்தது. தம்பி இளவரசைக் கேட்டாள். கடலூரில் அவள் வீட்டிலேயே தங்கியிருப்பவன். விடிந்தால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடுகிறவன்.

அவனுடைய நீரில்தான் இவ்வளவு கூட்டம். நோயாளிகளுடையதைவிட அதிகம்.

சளி டப்பா மாறிவிட்டதா? லேபிளில் இருப்பது அவள் கையெழுத்துதான்.

சாப்பிடக்கூடப் போகாமல், அதே நீரைக் குழி குழியாக இருக்கும் இன்னொரு சோதனைத் தட்டில் புதிதாக வைத்தாள். ஒரு குழியில் மட்டும் அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தாள். அந்தக் குழியில் வெள்ளணுக்கள் அசையவில்லை. மற்றதில் பழையபடி கூட்டம்.

சோதனையில் தப்பில்லை. அப்படியென்றால் தம்பிக்கா?

போனை எடுத்தாள்.

“உனக்கு மூச்சு கீச்சு வாங்குதாடா?”

“எனக்கு என்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்.” சிரித்தவன் குரலைத் தணித்தான். “கோச்சுக்காத. காறிக் காறிப் பாத்தேன், சளியே வரல. மாமாதான், ‘குடுடா, நான் துப்பித் தரேன்’னு டப்பாவ வாங்கிக்கிட்டாரு.”

பாலகுமார். அவள் கணவன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே கெமிக்கல் கம்பெனியில் வேலை. அவள் முன்னால் இருமியதாக ஞாபகமே இல்லை. காலையில் அவன்தான் டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்து மூடிக்கொடுத்தான். தம்பி அவளிடம் திட்டு வாங்காமல் காப்பாற்றச் செய்தானா? விளையாட்டா? எந்தப் பக்கம் யோசித்தாலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவனுக்குப் போன் செய்தாள். என்ன கேட்பது என்று தெரியாமலே.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“பாத்துட்டியா வாணி? எனக்கு என்னன்னு வந்துருக்கு?”