குழாயில் காற்று

"சத்தம் நிக்கணும், தம்பி. எனக்கு அது போதும்."

மேல் வீட்டு அம்மா கதவைத் திறந்ததும் சொன்னது அதுதான். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

பிளம்பர் பையை இறக்கி வைத்தார். சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்து, தண்ணீர் வேகமெடுத்ததும் பட்டென்று மூடினார்.

சுவருக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் டக் டக் டக் என்று கேட்டது. சத்தம் அப்படியே கீழ் வீட்டுக்கு இறங்கி அடங்கியது.

அந்த அம்மா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பிளம்பருக்கு நிம்மதியாக இருந்தது. தெரிந்த வியாதிதான். ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அது போய்க் குழாயை முட்டும். குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் கழன்றிருந்தால் குழாய் ஆடிச் சுவரில் அடிக்கும். இறுக்கிவிட்டால் ஆயிற்று. பேய் பிசாசு என்று பயந்து போன் செய்கிற வீடுகளும் உண்டு. இந்த அம்மா அப்படியெல்லாம் எதுவும் சொல்லவில்லை.

மேலே கிளாம்புகள் கெட்டியாக இருந்தன. கழன்றது கீழ் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

"கீழ யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்ல. தங்கச்சி இருந்தா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து போயிட்டா."

கீழ் வீட்டுச் சாவி அந்த அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தது. வாங்கும்போது ஈரமாக இருந்தது.

அக்கா தங்கை கதை அந்தத் தெருவுக்கே தெரியும். அப்பா வீட்டை மேலும் கீழுமாகச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். தண்ணீர்க் குழாயை மட்டும் பிரிக்கவில்லை. வருஷக்கணக்காக இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல், ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். எதற்காகப் பேச்சு நின்றது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அக்கா தங்கைக்கே அது மறந்து போயிருக்கும்.

அந்த அம்மா கூடவே இறங்கி வந்தார். கடைசிப் படியைத் தாண்டி வரவில்லை.

வீடு மூடிக் கிடந்த வாசனை அடித்தது. நாற்காலி முதுகில் ஒரு துண்டு காய்ந்து விறைத்துத் தொங்கியது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து ஒற்றைத் திருகில் ஆடியது. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து உடைத்தது அது.

கதவுக்குப் பின்னால் குழாய் கூரையிலிருந்து தரைவரை இறங்கியது. நினைத்தபடியே நடுவில் ஒரு கிளாம்ப் கழன்று கிடந்தது.

துளை போட இடம் பார்த்துக்கொண்டே குனிந்தவர், அப்படியே நின்றார்.

தரைக்கு ஒரு சாண் மேலே குழாயின் வெள்ளைப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. இரும்பில் சின்னச் சின்னத் தழும்புகள். ஒன்றன் மேல் ஒன்றாக, நெருக்கமாக.

ஸ்பேனர் வழுக்கினால் கோடு நீளமாக விழும். இவை பிறை பிறையாக இருந்தன. ஏதோ ஒரு பாத்திரத்தின் விளிம்பு பட்டதுபோல.

சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு எவர்சில்வர் மக் கவிழ்ந்து கிடந்தது. விளிம்பு ஒரு பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது.

நிற்கிறவர் கை அந்த உயரத்துக்குப் போகாது. உட்கார்ந்திருப்பவர்கூட இதைவிட மேலேதான் அடிப்பார்.

பிளம்பர் மக்கை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு எழுந்து வேலையைப் பார்த்தார். கீழே ஒரு கிளாம்ப் கூடுதலாகப் போடலாம். தழும்புகளின் மேலேயே போட்டால் மறைந்துவிடும். அவர் ஒரு முழம் தள்ளிப் போட்டார்.

குழாயைத் திறந்து பட்டென்று மூடினார். சத்தமில்லை. இன்னொரு முறை. இல்லை.

"சரியாயிடுச்சும்மா. இனிமே வராது."

அந்த அம்மா படியில் நின்றபடியே சுவரில் காதை வைத்துக் கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

"ராத்திரி நான் குழாயையே தொடுறதில்ல, தம்பி. அப்பவும்தான் தட்டுது."

பிளம்பர் யோசிக்கவே இல்லை. தொழில் தெரிந்த வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

"திறந்து மூடினாத்தாம்மா தட்டும். சும்மா இருக்கிற குழாய் எப்பவுமே தட்டாது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ விழுந்த அன்னைக்கும் நான் தொடல. விடிய விடிய தட்டிச்சு. காத்துதானேன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன்." தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "காத்துதான், கண்டுக்காதீங்கன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

அப்போதுதான் பிளம்பருக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் மேலே தொட்டிக்கு வால்வு மாற்ற வந்திருந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது இந்த அம்மா வாசல்வரை பின்னாலேயே வந்து ஏதோ சத்தத்தைப் பற்றி விசாரித்தார். அடுத்து வேலைக்குப் போக வேண்டிய வீட்டிலிருந்து போன் மேல் போன்.

ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், எப்போது தட்டும் என்பதை விட்டுவிட்டு, அவர் பாதிப் பதிலை மட்டும் சொல்லிப் போயிருந்தார்.