அறுபத்தெட்டு கிலோ

எடையை மைக்கில் சொல்கிறார்கள். அதுதான் கொடுமை.

வரிசையில் அவள் எட்டாவது ஆள். கடைசி ஆளும் அவள்தான்.

காலை ஏழரை மணி. நடைப்பயிற்சிச் சங்கத்தின் குடியரசு தின விளையாட்டு விழா. அறுபதைத் தாண்டிய பெண்களுக்குக் கயிறிழுக்கும் போட்டி. எட்டுப் பேரின் மொத்த எடை ஐந்நூற்று இருபது கிலோவைத் தாண்டக் கூடாது. அவரவர் எடையை ஒரு வாரம் முன்பே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மெஷினில் ஏற்றிச் சரிபார்க்கிறார்கள்.

அவள் அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தாள். உள்ளதை எழுதியிருந்தாள்.

அணித் தலைவி ரெஜினா டீச்சர் நேற்றே எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டார். வெறும் வயிற்றோடு வர வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம்.

அவள் மூன்று இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

பட்டினி கிடந்து பார்த்தாயிற்று. போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று.

இருபது வயதில் கல்லூரி அணிக்காக இதேபோல் ஒரு படிவம். எழுபத்தொன்று என்று எழுதக் கை வரவில்லை. அறுபது என்று எழுதினாள். போட்டியன்று மெஷின் பொய் சொல்லவில்லை. பொய் எழுதிய அணி வெளியே என்றார்கள். எட்டுப் பேரும் கயிற்றைத் தொடாமலே ஊர் திரும்பினார்கள்.

பஸ்ஸில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். கல்யாண விருந்தில் இலையை மூடினாள். பிள்ளை பெற்ற பிறகும் எலுமிச்சைத் தண்ணீர். அறுபது வயதில் காய்கறிக் கடை வாசலில் மயங்கி விழுந்தாள். எலும்பு தேய்ந்து, சதை வற்றியிருக்கிறது என்றார் டாக்டர். இந்த உடம்பு உங்களுக்கு என்னம்மா துரோகம் செய்தது என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதாள். அழுதுவிட்டுச் சாப்பிட்டாள்.

ஆறு வருஷம். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடை. இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி. நான்கு கிலோ கூடியது. அந்த நான்கும் அவள் சம்பாதித்தது.

மைக் அறிவிக்கத் தொடங்கியது.

முதல் பெண் படிவத்தில் எழுதியதைவிட இரண்டு கிலோ அதிகம். அடுத்தவர் மூன்று. அதற்கடுத்தவர் செருப்பைக் கழற்றினார், வளையலைக் கழற்றினார், அப்படியும் இரண்டு. கூட்டத்தில் சிரிப்பு.

ஏழாவதாக ரெஜினா டீச்சர். முப்பது வருஷம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எழுதியிருந்தது எழுபது.

“எண்பத்தொன்று” என்றது மைக்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் இறங்கினார். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து ஓரமாகப் போய் நின்றார்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அன்று பஸ் ஜன்னல் கண்ணாடியில் பார்த்த தன் முகம்.

செயலாளர் கூட்டிப் பார்த்தார். ஏழு பேருக்கே நானூற்று எழுபது ஆகிவிட்டது. பாக்கி ஐம்பதுதான். யாராவது ஒருவர் விலகினால் மீதி ஏழு பேர் இழுக்கலாம் என்றார்.

எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். இன்னும் மெஷினில் ஏறாதவள் அவள் ஒருத்திதானே.

விலகலாம். எடை யார் காதிலும் விழாது. கௌரவமாக வீட்டுக்குப் போய்விடலாம்.

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஏறினாள்.

“அறுபத்தெட்டு.”

மைதானம் முழுக்கக் கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஓரத்தில் நின்ற டீச்சர் தன் பையை எடுத்துக்கொண்டார். அவர்தான் விலகுகிறார் என்று சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. வாசலை நோக்கி நடந்தார்.

அவள் பின்னாலேயே போனாள்.

“எங்க டீச்சர் போறீய? நானும் ஒரு தடவ குறைச்சு எழுதினவதான். வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் நாப்பது வருஷம் வெளியவே வரல. நீங்க வாங்க. இழுக்கும்போது சத்தம் குடுக்க ஆள் வேணும்லா.”

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட.

டீச்சர் பையைக் கீழே வைத்தார்.

எதிரணியில் எட்டுப் பேர். இவர்கள் ஏழு பேர். கயிற்றின் கடைசியில் யார் நிற்பது என்ற பேச்சே எழவில்லை. கடைசி ஆள்தான் நங்கூரம். கனமானவள் நிற்க வேண்டிய இடம். மற்றவர்களில் சிலர் அவளைவிடக் கனம். ஆனாலும் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அவள் போனாள்.

நாற்பத்தாறு வருஷம் கழித்துக் கயிற்றைத் தொட்டாள். சொரசொரவென்று இருந்தது. தோளுக்கு மேலாகப் போட்டு, அக்குளுக்கு அடியில் வாங்கி, இறுக்கிப் பிடித்தாள். குதிகாலை மண்ணில் ஊன்றினாள்.

விசில் ஒலித்தது.

பக்கவாட்டிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. பள்ளி மைதானங்களை அதட்டிய குரல். முதலில் கொஞ்சம் உடைந்து, பிறகு முழுதாக.

கயிறு இறுகியது.

அறுபத்தெட்டு கிலோவும் பின்னால் சாய்ந்தது.