பல்ப் மங்கட்டும்

டயகமவில் பிற்பகலிலேயே பனி இறங்கிவிட்டது. மழைக்கு ஒதுங்கி நிற்கிற எனக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ரேணுகா தெரிகிறாள். பழைய கம்ப்யூட்டரின் முன்னால், துளைகள் நிறைந்த வெள்ளைப் பலகையில், ஒரு சிப் பூச்சி மாதிரிக் கால்களை ஊன்றி நிற்கிறது. உள்ளே ஒன்றுமே எழுதப்படாத வெறும் சிப். பூட்லோடர் என்கிற முதல் புரோகிராமை ஏற்றிவிட்டால், பிறகு சொல்வதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். கைவசம் இருப்பது இது ஒன்றுதான். இன்னொன்று போன வாரம், ஏற்றும்போது கரண்ட் தளர்ந்து, பாதியில் செத்துப்போனது. “அமுக்கவா?” என்கிறான் அவள் கணவன் செல்வகுமார், கீபோர்டில் விரலை வைத்தபடி. “இருங்க. பெக்டரியில ரோலர் இன்னும் ஓட்டல.” கீழே தேயிலைக் கொழுந்தை உருட்டும் ரோலர் புறப்படும் கணத்தில்தான் லயத்துக்கு வரும் கரண்ட் தளரும். அவள் திரையைப் பார்க்கவேயில்லை. தலைக்கு மேலே தொங்கும் பல்பையே பார்க்கிறாள். நானாக இருந்தால் எப்போதோ அமுக்கியிருப்பேன். அவளுக்குப் பின்னால் சுவரில், போன வருட மழையில் ஆறு உள்ளே புகுந்த சேற்றுக்கோடு, இடுப்பு உயரத்தில். தகரத்தில் தூறல் வலுக்கிறது. பல்ப் மங்கிச் சிவக்கிறது, திணறுகிறது, மெல்ல மஞ்சளாகி நிலைக்கிறது. கம்ப்யூட்டர் தாங்கிவிட்டது. “இப்ப அமுக்குங்க.” சிப்பின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வெளிச்சம் படபடக்கிறது, அணைகிறது, பிறகு நிதானமாகக் கண் சிமிட்டத் தொடங்குகிறது.

“ஏறிருச்சு. இனி சொன்னா கேக்கும்.”

“மொதல்ல என்ன சொல்லப் போற?”

ரேணுகா வாசல் வழியாக, ஆறு இறங்கிவரும் மேட்டைப் பார்க்கிறாள்.

“தண்ணி ஏறுனா, தூங்குறவங்கள எழுப்பிவிடுன்னு.”