படிப்பவர் மூடும்வரை

கோவைக்காரர்களின் நினைவுகளைச் சேமிக்கும் கிடங்கு தொண்ணூற்றொன்பது சதவீதம் நிரம்பிவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் ஊரில் யாருக்கும் புதிதாக எதுவும் பதியாது. மக்கள் அழிக்கச் சொன்ன பழைய பதிவுகள் மலையாய்க் குவிந்தும் துப்புரவு நிரல் அசையவில்லை. யாரோ ஒருவர் பதினொரு மாதமாக ஒரு பதிவை மூடாமல் படித்துக்கொண்டிருந்தார். படிப்பவர் மூடும்வரை அதையும் அதன் பின்னால் வரிசையில் நிற்பவற்றையும் தொடக்கூடாது என்பது விதி. கிடங்கை வடிவமைத்தபோது சண்டைபோட்டு அந்த விதியைச் சேர்த்தவளே, இப்போது திரைமுன் உட்கார்ந்திருந்த நிறைமதிதான்.

"யாருன்னெல்லாம் பாக்காதீங்க, இணைப்பை வெட்டி விடுங்க," என்றார் பக்கத்து மேசை ஜெபராஜ்.

அவள் பார்த்துவிட்டாள். படிப்பவர் அவள் கணவன் முகுந்தன். பதிவில் அவன் மடியில் ஒரு கைக்குழந்தை. அருகே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளே படுத்திருந்தாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை.

போன் போட்டாள். "யாருங்க இந்தக் குழந்தை?"

"மதி, அது நம்ம பொண்ணு. இருபது நாள் இருந்தா. தாங்க முடியாம ரெண்டு பேருமே அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டோம். உன்னோடது அப்பவே அழிஞ்சிருச்சு. கடைசியா ஒருதடவை பாத்துக்கலாம்னு திறந்தேன். மூட மனசு வரல. மூடினா எனக்கும் மறந்துரும்."

"ஊரே நிக்குதுங்க."

"பேனா இருக்கா? கையில எழுதிக்கோ," என்று ஒரு பெயரைச் சொன்னான். பிறகு மூடினான்.

நிரல் ஓடியது. கிடங்கு எழுபதுக்கு இறங்கியது.

"இசைவாணி," என்று உள்ளங்கையைப் பார்த்து வாசித்தாள்.

"யாரு அது?" என்றான் முகுந்தன். அவன் குரல் இன்னும் அழுதுகொண்டிருந்தது.